ஆஃப் டியூட்டி: தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

நேரில் சொல்லியிருக்க வேண்டியதை நாலு பேர் அறிய எழுதுகிறேன். அதற்குக் காரணம் நான்தான். நாலு மாதத்துக்கு முன்னால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெரியப்பா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் என்று எல்லோரும் இருக்கிற இடத்தில், "அப்பா படுத்த படுக்கையா கிடக்கார், இவன் ராத்திரி பூரா கேம் ஆடிக்கிட்டு இருக்கான்" என்று எழுதினேன். அதற்குக் கீழே ஆளாளுக்கு எழுதியதையெல்லாம் நீ படித்தாய். ஒரு வரி பதில் போடவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லைத் தனியாகக் கூப்பிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது நியாயம் இல்லை. எழுதட்டுமா என்று போனில் கேட்டபோது, "எழுதுக்கா, ஆனா என் பேரைப் போடாதே" என்றாய். போடவில்லை.

நம்மைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் முன்கதை. அம்மா போன மறு வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடது பக்கம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, கூடவே பேச்சும் போயிற்று. நாம் பேசுவது அவருக்குப் புரிகிறது, பதில் சொல்லத்தான் வார்த்தை வருவதில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும். நீ ஆபீஸ் போகிற நேரத்துக்கு ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்கிறார். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை எட்டு மணி வரை நீ. நான் வேறு ஊரில். மாதம் பிறந்தால் பணம் அனுப்புவேன், தினமும் போன் செய்து "அப்பா எப்படி இருக்கார்" என்று கேட்பேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக ஞாபகம் இல்லை.

சண்டை வந்த ராத்திரி நான் அங்கே வந்திருந்தேன். ஒன்றே முக்கால் மணிக்கு விழிப்புத் தட்டியது. அப்பா இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகத் தட்டினாரோ, படுக்கை முழுக்க நனைந்திருந்தது. பக்கத்து அறையில் இரண்டு காதையும் ஹெட்போன் மூடியிருக்க நீ யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாய்: "வந்துட்டோம், பயப்படாதீங்க, இன்னும் ரெண்டே நிமிஷம்." அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பா இங்கே கம்பியைத் தட்டிக்கொண்டு கிடக்கிறார், இவன் எவனுக்கோ ஓடுகிறானே என்று. ஒயரைப் பிடுங்கினேன். விடிந்ததும் குழுவில் எழுதினேன்.

அப்பாவை அப்படி விட்டது தப்புதான். நீயும் அதை ஒருநாளும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு காதை மட்டும் மூடிக்கொண்டுதான் உட்காருகிறாய். அது எனக்குத் தெரிந்ததே போன மாதம்தான்.

போன மாதம் வந்தபோது, பதினொரு மணிக்கு அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு நீ உன் அறைக்குப் போனாய். நான் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்து, "என்னதான்டா பண்றே, காட்டு" என்றேன். திட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாய், உன் தோள் இறுகிப்போனது. ஆனாலும் காட்டினாய்.

ஜிடிஏ ஃபைவ் என்றால் காரைத் திருடுகிற, ஆளைச் சுடுகிற கேம் என்பதுதான் எனக்குத் தெரிந்தது. 2013-ல் வந்தது, என் பிள்ளைகள் கூட ஆடியிருக்கிறார்கள். அதே நகரத்தை எடுத்து, ஃபைவ்எம் என்ற துணை மென்பொருளின் மேல் தனி சர்வர் போட்டு, ஆளுக்கு ஒரு கேரக்டராக வாழ்கிறார்கள் என்பது தெரியாது. ஆர்பி என்கிறீர்கள், ரோல்பிளே, வேஷம் கட்டி ஆடுவது. மெக்கானிக் இருக்கிறான், வக்கீல் இருக்கிறான், டாக்சி ஓட்டுகிறவன் இருக்கிறான். கேரக்டரை விட்டு வெளியே வந்து பேசக்கூடாது. துப்பாக்கி நீட்டினால் பயந்தே ஆக வேண்டும். கேமுக்கு வெளியே கேள்விப்பட்டதை உள்ளே தெரிந்த மாதிரி காட்டினால் அது மெட்டாகேமிங், தண்டனை உண்டு. இவ்வளவு கட்டுப்பாட்டோடு ஒரு விளையாட்டா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

நீ நேரே ஆஸ்பத்திரிக்குள் நடந்து போனாய். லாக்கர் அறையில் ஒரு பட்டனை அழுத்தியதும் சட்டை மாறி ஆம்புலன்ஸ்காரர் சீருடை வந்தது. திரை ஓரத்தில் "ஆன் டியூட்டி". பகலெல்லாம் ஆபீஸ், சாயங்காலம் தொட்டு நோயாளி. அதிலிருந்து தப்பி வந்த இடத்தில் ஒரு ஆள் எதை வேண்டுமானாலும் செய்யலாம், கடலோரமாகப் போய்ச் சும்மா உட்காரலாம். நீ போய் நோயாளி பார்க்கிற வேலையில் சேர்ந்திருக்கிறாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதல் அழைப்பு, பைக்கிலிருந்து விழுந்த ஒருத்தன். ரோட்டோரம் கிடந்தான். நீ மண்டியிட்டு உட்கார்ந்தாய். 'மீ' என்று போட்டு, "கழுத்து அசையாமல் தாங்கிப் பிடிக்கிறான்" என்று எழுதினாய். அடுத்தது 'டூ' போட்டு, "வலி எங்கே இருக்கும்?" 'மீ' என்றால் தன் கேரக்டர் செய்வது, 'டூ' என்றால் அங்கே இருக்கிற நிலைமை. 'டூ'வில் கேட்டால் எதிராளி பதில் சொல்லியாக வேண்டும், பொய் சொல்லக்கூடாது, அது விதி என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாய். சொல்லி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"இடது முழங்காலுக்குக் கீழே. கால் மடங்கியிருக்கிறது. விரல்களில் உணர்வு இருக்கிறது."

அதைப் படிக்கும்போது உன் முகத்தைப் பார்த்தேன் தம்பி. இந்தக் கடிதம் எழுத வந்ததே அந்த முகத்துக்காகத்தான்.

அப்பாவின் வலது தோள் மூட்டு இறங்கியிருந்ததைக் கண்டுபிடிக்க உனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. "இங்கேயாப்பா? இங்கேயா?" என்று ஒவ்வொரு இடமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்பாயாம். எதற்கும் தலையாட்டுவார், இல்லை என்றால் அழுவார். நீ வயிற்றை அமுக்கிப் பார்த்து, காலைப் பிடித்துவிட்டு, டாக்டருக்குப் போன் செய்து, எனக்கும் போன் செய்து... நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "நீ சரியா கவனிக்கலடா" என்றேன். இரண்டு வருஷமாகப் பதில் வராத ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறவனுக்கு, கேட்டால் பதில் வருகிற ஓர் இடம் கிடைத்திருக்கிறது.

அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றினாய், கட்டுப் போட்டாய், ரேடியோவில் யாருக்கோ தகவல் சொன்னாய். கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான். "ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்று சொல்லிவிட்டு அதே காலை ஊன்றி நடந்தே போனான். நோயாளி எழுந்து நடந்து போவதை நம் வீட்டில் யாரும் பார்க்கப் போவதில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்குத் திரும்பவும் லாக்கர் அறை, திரும்பவும் அந்தப் பட்டன், "ஆஃப் டியூட்டி". சீருடை கழன்றது. நீ நாற்காலியில் சாய்ந்து நீளமாக ஒரு மூச்சு விட்டாய். அந்த மாதிரி மூச்சு விட்டு உன்னை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அதே நொடியில் கட்டில் கம்பி தட்டும் சத்தம். நான் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் நீ அப்பாவிடம் போய்விட்டாய்.

கடமையைத் தட்டிக் கழிக்கத்தான் நீ அங்கே போகிறாய் என்று நினைத்திருந்தேன். தட்டிக் கழிக்கிறவன் ஆம்புலன்ஸில் போய் ஏற மாட்டான். நீ தேடிப் போனது அந்த லாக்கர் அறையை. வேலை இந்த நிமிஷம் தொடங்குகிறது, இந்த நிமிஷம் முடிகிறது என்று சொல்கிற ஒரு பட்டனை. நம் வீட்டில் அது இல்லை. பகல் நேரத்து அம்மாவுக்குக்கூட ஆறு மணி ஆனால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். உனக்குக் கிளம்புகிற நேரம் என்று ஒன்றை யாரும் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

நியூ லைஃப் ரூல் பற்றிச் சொன்னாயே, அது இன்னும் என் மனதில் இருக்கிறது. கேரக்டர் செத்து ஆஸ்பத்திரியில் கண் விழித்தால், சாவதற்கு முன்னால் நடந்தது எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளக் கூடாது, பழி வாங்கவும் போகக்கூடாது. "எனக்கு ரொம்பப் பிடிச்ச ரூல் அதுதான்கா" என்றாய். அதற்கு எனக்குப் பதில் வரவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அதற்கப்புறம் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். இப்படி ஒரு பொய்யுலகத்தில் ஆளாளுக்கு வேஷம் கட்டுவது புதுசு இல்லை. 1978-ல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள் மட் என்ற, பல பேர் சேர்ந்து ஆடுகிற கம்ப்யூட்டர் கேமைத் தொடங்கினார்கள். படமே கிடையாது, வெறும் எழுத்து. பிறப்பும் வர்க்கமும் ஒரு மனிதன் மேல் ஏற்றி வைத்ததை இறக்கி வைத்துவிட்டு அவன் தானாக இருக்க ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தோம் என்று பார்ட்டில் பிற்பாடு சொல்லியிருக்கிறார். 1997-ல் அல்டிமா ஆன்லைன் என்ற கேம் வந்தபோது, வாளும் மந்திரமும் இருந்த அந்த உலகத்தில் பலர் கொல்லராகவும் தையல்காரராகவும் வாழ்ந்தார்கள். உன்னை மாதிரித்தான். வேலையிலிருந்து தப்பி, வேறொரு வேலைக்கு.

ரிச்சர்ட் ரையன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி என்ற மூன்று பேர் 2006-ல் எழுதிய ஓர் ஆய்வையும் படித்தேன். ஆட்கள் கேமுக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு அவர்கள் மூன்று தேவைகளைச் சொல்கிறார்கள்: நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற நினைப்பு, இது என் கைக்கு வருகிறது என்ற நினைப்பு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற நினைப்பு. மூன்றையும் உன் வாழ்க்கைக்கு எதிரே வைத்துப் பார்த்தேன். அப்பாவைப் பார்த்துக்கொள்ள உன்னை யாரும் கேட்கவில்லை, நீ கல்யாணம் ஆகாதவன், அந்த ஊரில் இருக்கிறவன், அதனால் உன் தலையில் விழுந்தது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் அப்பா தேறப் போவதில்லை, அதிகபட்சம் மோசமாகாமல் இருப்பார். ஆட்கள் என்று பார்த்தால் உன் நண்பர்கள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டார்கள். மூன்றும் இல்லை. மூன்றும் அந்த சர்வரில் இருக்கிறது.

நார்வேயைச் சேர்ந்த மாட்ஸ் ஸ்டீன் என்ற பையனைப் பற்றி நீயே சொன்னாய். தசைச் சிதைவு நோயால் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அசைவிழந்து, 2014 நவம்பரில் 25 வயதில் இறந்தவன். தனிமையிலேயே வாழ்ந்து போய்விட்டானே என்று பெற்றவர்கள் அழுதார்கள். அவனுடைய வலைப்பூவில் அப்பா இறப்புச் செய்தியைப் போட்ட பிறகு, முன்பின் தெரியாதவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வர ஆரம்பித்தன. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமில் இபெலின் என்ற பெயரில் அவன் எத்தனை பேருக்குத் துணையாக இருந்தான் என்பது அப்போதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. கூட ஆடியவர்கள் வேறு நாடுகளிலிருந்து அவன் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள். இதைச் சொல்லும்போது உன் குரல் கம்மியது. மகன் உயிரோடு இருக்கும்போது ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் அந்தப் பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்குமே என்றுதான் எனக்கு அடித்துக்கொண்டது. நான் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர மூன்று மாதம் ஆயிற்று.

இப்போது, அக்காவாக எனக்கு இருக்கிற பயத்தையும் சொல்லிவிடுகிறேன். மனதில் வைத்துக்கொண்டால் அது திரும்பவும் குழுவில்தான் போய் வெடிக்கும்.

நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அன்று ராத்திரி, நீங்கள் கேம் ஆடுகிறவர்கள் பேசிக்கொள்கிற டிஸ்கார்ட் செயலியில் உனக்கு ஒரு செய்தி வந்தது. உன் ஆம்புலன்ஸ் பிரிவின் தலைவர் போட்டது. இந்த வாரம் உன் டியூட்டி நேரம் குறைகிறது, இப்படியே போனால் உன் பதவி இறங்கும் என்று. அதைப் படித்ததும் உன் தோள் மறுபடி இறுகியது. நான் "காட்டு" என்று வந்து நின்றபோது இறுகியதே, அதே மாதிரி. நிக் யீ என்ற ஆராய்ச்சியாளர் 2006-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இந்த மாதிரி கேம் ஆடுகிறவர்கள் வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரம் செலவழிக்கிறார்கள், ஓய்வுக்கு வந்தவர்களுக்கு அதுவே இரண்டாவது உத்தியோகமாகிவிடுகிறது என்கிறார். நீ முதலில் சேர்ந்தபோது விருப்பப்பட்டால் போவாய், இல்லையென்றால் இல்லை. இப்போது உன்னை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள், புதுப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறாய். அந்தப் பதவி உனக்குப் பெருமை, எனக்கும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் நேரத்துக்கு வரவில்லை என்று கேள்வி கேட்க அங்கேயும் ஒரு ஆள் வந்துவிட்டால், அந்த பட்டன் எங்கே போயிற்று? ஒரு மூச்சு விட வந்த இடம் அது. அங்கேயும் பாரம் ஏறுகிறது என்றால் பதவியை விட்டுவிடு, கேமை விட வேண்டாம். வெறும் ஆம்புலன்ஸ்காரனாக இரு. டாக்சி ஓட்டு.

இன்னொன்று. கேமிங் கோளாறு என்பதை 2019-ல் உலக சுகாதார அமைப்பு ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள், 2022 ஜனவரியிலிருந்து அது நடப்பில் இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆடுகிறோம் என்பதை வைத்து மட்டும் அதை முடிவு செய்வதில்லை. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்றதெல்லாம் பின்னால் போய் கேமே முன்னால் வந்துவிடுவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, அதனால் வாழ்க்கையே குலைவது, இப்படி வழக்கமாக ஒரு வருஷமாவது நடந்திருக்க வேண்டும். உன்னை அந்தக் கட்டத்துக்குள் வைக்க எனக்குத் தகுதி இல்லை, மனசும் இல்லை. கம்பியில் முதல் தட்டு விழுந்ததும் எழுந்து போகிறவனை நான் பார்த்தேன். ஆனால் தூக்கம் எனக்குக் கவலைதான். இரண்டு மணிக்குப் படுத்து, நாலு மணிக்கு அப்பாவைப் புரட்ட எழுந்து, ஆறரைக்குத் திரும்ப எழுகிறாய். இதில் கேம் தின்பது எவ்வளவு, நாங்கள் தின்பது எவ்வளவு என்று நேர்மையாகக் கணக்குப் போட்டால் எங்கள் பங்குதான் பெரிது.

அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மறுக்காதே.

என் ஆபீஸில் பேசி, வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் அங்கே வருவேன், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கிளம்புவேன். அந்த இரண்டு ராத்திரியும் அப்பா என் பொறுப்பு. புரட்டுவது, துடைப்பது, துணி மாற்றுவது எல்லாம். எப்படித் தோளைப் பிடிக்க வேண்டும் என்று முதல் நாள் மட்டும் காட்டிக்கொடு, வலது தோளைத் தொடவே எனக்குப் பயமாக இருக்கிறது. குழுவில் அன்றைக்கு உனக்குப் புத்தி சொன்னவர்களில் மூன்று பேர் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார். அத்தை மகன் புதன்கிழமை சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை வந்து உட்காருகிறேன் என்று ஒப்புக்கொண்டான். அவனை உள்ளே விட்டுவிட்டு நீ வெளியே போ. எங்கே என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

என் ராத்திரிகளில் நீ என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப் போவதில்லை. தூங்கத் தோன்றினால் தூங்கு. இரண்டு ராத்திரி முழுக்க உன் கையில் கிடைத்த பிறகும் அந்த லாக்கர் அறைக்குத்தான் போகத் தோன்றுகிறது என்றால், அது உனக்கு நிஜமாகவே பிடித்த இடம். அப்போது நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவேன், வீட்டு வேலை முடிந்ததும். அந்த பைக் ஓட்டினவன் திரும்ப எங்கேயாவது விழுந்தானா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே ஆரம்பம். பத்து மணிக்கு உன் அறைக் கதவைச் சாத்திக்கொள். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொள். கம்பி தட்டும் சத்தத்தை நான் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா